காலண்டருக்குப் பின்னால்

அம்சவள்ளி வீட்டுச் சுவரை அரியலூரில் கண்காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து லீலாவதிக்குத் தின்ற சோறு செரிக்கவில்லை. அம்சவள்ளி வீட்டுச் சுவராம்! அந்தச் சுவருக்கு ஒரு பக்கம்தான் இருந்ததா? அம்சவள்ளிக்கு அது வடக்குச் சுவர் என்றால் லீலாவதிக்கு அது தெற்குச் சுவர். பதினோரு வருஷம் அவளும்தான் அதற்கு வெள்ளை அடித்தாள், ஒட்டடை அடித்தாள், அதில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். பேர் மட்டும் ஓரகத்திக்குப் போய்விட்டது.

அந்தச் சுவர் எழும்பிய கதை நெடுவாக்குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் குருநாதன், தம்பி இளையபெருமாள். வரப்பில் நின்ற வேப்பமரத்தை யாரைக் கேட்டு வெட்டினாய் என்று தம்பி கேட்க, உன்னைக் கேட்டுத்தான் நான் மூச்சு விடணுமா என்று அண்ணன் திருப்பிக் கேட்க, வயலில் ஆரம்பித்த சண்டை வீட்டுக்குள் வந்தது. அப்பா கட்டிய வீட்டின் கூடத்தை நூல் பிடித்து அளந்து, நட்டநடுவில் சுவர் எழுப்பினார்கள். வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி தம்பிக்கு. அண்ணன் பெண்டாட்டி லீலாவதிக்கும் தம்பி பெண்டாட்டி அம்சவள்ளிக்கும் தனியாகச் சண்டை எதுவும் கிடையாது. ஆனாலும் புருஷன்மார் பேசாதபோது பெண்டாட்டிகள் பேசினால் நன்றாகவா இருக்கும்? கல்யாண வீடுகளில் எதிரெதிரே பட்டால் "வாங்க", "வாங்க". அத்தோடு சரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று ஒரு சிமெண்ட் கம்பெனி ஊரையே எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே பள்ளம்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தால் ஆழத்தில் பச்சைத் தண்ணீர் தெரியும். ஜனங்களுக்கு அரியலூர் ரோட்டில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். குலுக்கல் போட்டதில் குருநாதனுக்குப் பதினாலாம் நம்பர் வீடு, இளையபெருமாளுக்கு முப்பத்தேழு. நடுவில் இரண்டு தெரு.

வீடுகளை இடிப்பதற்கு முந்தின வாரம் பெரம்பலூரிலிருந்து வினோதினி என்று ஒரு பெண் வந்தாள். சிற்பம் செய்கிறவளாம். அது லீலாவதிக்கு எப்படித் தெரியும்? கையில் டேப் வைத்திருந்தாள். அந்த மாதத்தில் மட்டும் டேப்போடு ஒன்பது பேர் வந்து வீட்டை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்தாவது ஆள் என்று நினைத்து லீலாவதி கதவை அவள் முகத்துக்கு நேராகச் சாத்தினாள். அம்சவள்ளியோ தெருவில் போகிற நாய்க்கும் காபி கொடுக்கிற ரகம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அந்தப் பெண் நாலு நாள் தங்கி, மாவுக்கட்டு போடுகிற மாவில் நனைத்த துணியைச் சுவர் முழுக்க அப்பி, காயவிட்டு, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதுதான் இன்றைக்கு 'இருந்த இடம்' என்ற கண்காட்சியில் நடுநாயகமாக நிற்கிறதாம். பேப்பரில் அம்சவள்ளியின் போட்டோ வந்தது. லீலாவதி அந்தப் பேப்பரை அன்றைக்கே கருவாடு உலர்த்த விரித்தாள். சரியாக மூஞ்சி இருக்கிற இடத்தில் நெத்திலியைக் கொட்டினாள். அப்படியும் மனசு ஆறவில்லை.

பொறாமை அவளுக்கு அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. அதற்குப் பதினாலு வருஷ வயசு.

சுவர் எழுப்பிய கொத்தனார், சாரம் கட்ட மூங்கில் சொருகிய ஓட்டை ஒன்றை விட்டிருந்தார். சாரம் பிரித்த பிறகு அதை அடைத்துப் பூசவேண்டும். கடைசி நாள் அண்ணனும் தம்பியும் மறுபடி சட்டையைப் பிடித்துக்கொள்ள, கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவேயில்லை. எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு ஓட்டை, கழுத்து உயரத்தில், சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. லீலாவதி தன் பக்கம் அதன்மேல் தினசரி காலண்டரை மாட்டினாள். அம்சவள்ளி பக்கம் அது பரணுக்குக் கீழே இருட்டில் இருந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

விளக்கு வைத்த பிறகு ஒருநாள் காலண்டருக்குப் பின்னால் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டது. லீலாவதி காலண்டரை மெல்ல ஒதுக்கிக் காதை வைத்தாள். அம்சவள்ளிதான்.

"என்னங்க, இவ்வளவு பூவு எதுக்கு? எனக்கு இருக்கறது ஒரு தலைதானே!"

ஒரு சிரிப்பு. அப்புறம் கொஞ்சம் மௌனம். "ஜெயங்கொண்டத்துலயா வாங்குனீங்க? அதான் இந்த மணம் மணக்குது."

அன்றைக்குப் பற்றிக்கொண்டது லீலாவதியின் வயிறு. அதன் பிறகு ஒருநாள் தவறவிட்டதில்லை. அங்கே அல்வா வந்தது. "எல்லாத்தையும் எனக்கே ஊட்டிவுட்டா நீங்க என்ன திம்பீங்க?" அங்கே ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போய் வந்தார்கள். வெயிலில் வரும்போது அவள் தலைக்குத் துண்டைப் பிடித்தானாம். உச்சமாக ஒருநாள், "ஐய, வுடுங்க, யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க. காலை நானே அமுக்கிக்கறேன்" என்றாள். லீலாவதிக்கு அன்று தூக்கம் போயிற்று. காலை அமுக்கிவிடுகிற புருஷன்! அந்த இளையபெருமாள் சின்ன வயசிலிருந்தே ஊமைக்கோட்டான். அவன் குரல் அந்த ஓட்டை வழியாக ஒருநாளும் கேட்டதில்லை. பெண்டாட்டியிடம்கூட அவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனுஷன் என்று அதற்கும் சேர்த்து அவள் எரிந்தாள்.

இந்தப் பக்கம் குருநாதன் பேசுவது மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். "இது கொழம்பா, கழனித்தண்ணியா?" "எங்கடி வச்ச என் துண்ட?" ஒருநாள் ஆசையை அடக்க முடியாமல், டவுனுக்குப் போனால் கொஞ்சம் அல்வா வாங்கி வாங்களேன் என்று கேட்டாள். "வாயில பாதிப் பல்லு சொத்தை. அல்வா கேக்குதா!" என்றார். அன்று சோற்றில் அவருக்கு ரசம் ஊற்றாமல் வெந்நீரை ஊற்றினாள். அவர் அதையும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டார்.

வினோதினி சுவரில் ஏதோ பூசப்போகிறாள் என்று ஓட்டை வழியாகக் காதில் விழுந்ததும் லீலாவதிக்கு வெலவெலத்துவிட்டது. ஓட்டையைக் கண்டுபிடித்து, மறுபக்கம் காலண்டர் தொங்குவதையும் பார்த்துவிட்டால்? பழைய ரவிக்கை ஒன்றைக் கிழித்து, சுருட்டி, ஓட்டைக்குள் திணித்து அடைத்தாள். அப்புறம் ஊர் இடிந்தது, சுவர் இடிந்தது. ரவிக்கை அவள் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது.

கண்காட்சிக்காரர்கள் ஊர் ஜனங்களை அழைத்துப்போக ஒரு பஸ் அனுப்பினார்கள். லீலாவதி வரமாட்டேன் என்று இரண்டு நாள் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். இன்றைக்கு நாலு பேர் முன்னால், இது என் வீட்டுச் சுவரும்தான், என் பேரையும் எழுதுங்கள் என்று சொல்லாமல் திரும்புவதில்லை என்று முடிவு. அம்சவள்ளி மாம்பழக் கலரில் புதுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஏறினாள். பஸ்ஸே அவளைப் பார்த்தது. லீலாவதி மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஒரு மின்கம்பத்தைப் பார்த்தாள்.

மியூசியம் ஒரு பழைய நெல் குடோன். உள்ளே சுத்தமாக வெள்ளை அடித்து, குளுகுளு என்று ஏசி போட்டிருந்தார்கள். சுற்றிக்காட்ட மேகலா என்ற பெரம்பலூர்ப் பெண் வந்தாள். முப்பது வயசிருக்கும், கைத்தறிப் புடவை, காதோரம் சின்ன மைக்.

"எல்லாரும் வாங்க. எதையும் தொட வேணாம். சந்தேகம் இருந்தா தாராளமா கேளுங்க," என்றாள்.

முதலில் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கிய ஒரு தகர வீடு. வேலைக்காகக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்களின் வீடு இது, காலுக்குக் கீழே தரை கிடையாது என்று மேகலா விளக்கினாள். "மழை பேஞ்சா மொதல்ல அடுப்புதான் நனையும்," என்றாள் கூட வந்த முத்தாயி. மேகலா அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். அடுத்தது கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த ஒரு இரட்டைக் கட்டில். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுக்கு வந்து தோட்டத்திலேயே படுத்துத் தூங்குகிறவர்களுக்காகவாம். அதற்கடுத்து முந்நூறு சாவிகள், ஒவ்வொன்றும் ஒரு நூலில். கடல் கடந்து அகதிகளாக வந்தவர்களிடம் வாங்கியது. ஒரு சாவிக்கும் இன்றைக்குக் கதவு கிடையாது என்று அவள் சொன்னாள். இரண்டு பெண்கள் இடுப்பில் சொருகிய சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

லீலாவதி இதில் எதையும் பார்க்கவில்லை. மேகலா அம்சவள்ளியின் கையைப் பிடித்துப் பக்கத்திலேயே நடத்திக்கொண்டு போவதைத்தான் பார்த்தாள். "படி இருக்கும்மா, பாத்து." ஆமாம், அவளுக்குத்தான் கால் இருக்கிறது, மற்றவர்களெல்லாம் தவழ்ந்து வருகிறார்கள்.

கடைசி ஹாலில் சுவர் நின்றது.

வெள்ளையாக, பத்தடி உயரத்தில், தனியாக. ஆனால் பார்க்க ஏதோ கோணலாக இருந்தது. விளக்குமாடம் இருந்த இடத்தில் ஒரு பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. ஆணி அடித்த இடமெல்லாம் முள் முள்ளாக நின்றது.

"இது செவுரு இல்லீங்க, செவுரோட அச்சு," என்றாள் மேகலா. "செவுத்துல எங்கெல்லாம் பள்ளமோ, அங்கெல்லாம் இதுல மேடா இருக்கும். உள்ள போனதெல்லாம் வெளிய வந்திருக்கும். இங்க பாருங்க, அம்சவள்ளியம்மா வூட்டு மாடம்."

"அந்தப் பக்கம்?" என்றாள் லீலாவதி. சத்தமாகத்தான் கேட்டாள்.

"அந்தப் பக்கம் வெறும் பலகைதாங்க. அங்க யாரு இருந்தாங்கன்னு அம்சவள்ளியம்மாவும் சொல்லல. கதவத் தொறக்கலையாம்."

இரண்டு மூன்று பேர் திரும்பி லீலாவதியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. இதோ சொல்லிவிடுகிறேன் என்று ஒரு அடி முன்னால் வைத்தவள், மேகலா கை நீட்டிய இடத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"இதுதான் எல்லாரும் கேக்கற இடம். இது என்னன்னு எங்களுக்கே தெரியல."

கழுத்து உயரத்தில் சுவரிலிருந்து முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு உருளை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு துணி ஒட்டியிருந்தது. அந்த வெள்ளை ஹாலில் கலர் என்று இருந்தது அது ஒன்றுதான். கத்திரிப்பூ கலர், ஓரத்தில் பச்சை.

"உரிக்கறப்ப மாவோட சேந்து வந்துருச்சாம். வினோதினி அத அப்படியே வச்சுட்டாங்க."

தன் ரவிக்கையை அடையாளம் கண்ட லீலாவதி முத்தாயியின் பின்னால் நகர்ந்துகொண்டாள். கூட்டத்தில் ஜெயசித்ரா இருந்தாள். நெடுவாக்குறிச்சியில் இருபது வருஷம் அத்தனை பெண்களுக்கும் ரவிக்கை தைத்தவள். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கிட்டே போனாள்.

"இது நான் அடிச்ச மடிப்பாச்சே! கைக்கு பச்சையில பட்டி வச்சுத் தச்சது. யாருக்குத் தச்சேன்..." ஜெயசித்ராவின் கண் ஒவ்வொருவர் மேலாக ஊர்ந்து வந்தது. லீலாவதிக்கு இன்னும் இரண்டு ஆள்தான் பாக்கி.

"என்னுதுதான் ஜெயா," என்றாள் அம்சவள்ளி. "எலி வருதுன்னு நாந்தான் அடைச்சு வச்சேன்."

"உனக்கா? நீ இந்தக் கலரு போட்டு நான் பாத்ததில்லயே."

"போடாமத்தான் கெடந்துச்சு. அதான் கிழிச்சு அடைச்சேன்."

அம்சவள்ளி யாரையும் பார்க்காமல் சொன்னாள். லீலாவதிக்கு மூச்சு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. என் ரவிக்கையையும் தன்னுடையது என்று சொல்லி எடுத்துக்கொள்கிறாளே! அடுத்த நொடிதான் உறைத்தது. தன்னுடையது இல்லாத துணியைத் தன்னுடையது என்று ஒருத்தி எதற்குச் சொல்லவேண்டும்? அப்படியானால் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எதற்கு அங்கே இருந்தது என்றும் தெரியும்.

மேகலாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவள் பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள். "அம்சவள்ளியம்மா சொன்னத சிற்பி அப்படியே எழுதியிருக்காங்க, கேளுங்க. 'தினம் வெளக்கு வச்ச பிறகு நானும் அவரும் இந்தச் செவுத்தோரம் உக்காந்து பேசுவோம். நாங்க பேசுனதெல்லாம் இந்தச் செவுத்துக்குத் தெரியும்.'" படித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். "சாரும் வந்திருக்கீங்கல்ல? நீங்க சொல்லுங்களேன், அப்படி என்ன பேசுவீங்க?"

பின்வரிசையில் கைகட்டி நின்ற இளையபெருமாளுக்கு, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"நானா? இவகூடயா? அதெல்லாம் ஒண்ணும் பேசுனதில்லீங்க," என்றான். "நான் திங்கறதுக்குத்தான் வூட்டுக்குள்ளயே போவேன். தின்னுட்டு டீக்கடைக்குப் போயிருவேன். இவளா எதையாச்சும் சொல்லியிருப்பா."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேகலாவின் முகம் விழுந்துவிட்டது. அம்சவள்ளி தலையைக் குனிந்து, புதுப்புடவை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

இந்த முகத்தைப் பார்க்கத்தான் லீலாவதி பதினாலு வருஷம் காத்திருந்தாள். அதனால் முதலில் சந்தோஷம்தான் வந்தது. வராமல் என்ன? நன்றாக வேண்டும் என்று மனசு ஒரு குதி குதித்தது. பூவாம், அல்வாவாம், காலை அமுக்கினானாம்!

குதித்த மனசு பாதியில் நின்றது. பூவும் அல்வாவும் யார் வாயால் கேட்டாள்? அம்சவள்ளி வாயால். அவன் என்ன பதில் சொன்னான்? பதினோரு வருஷத்தில் ஒரு "ம்" கூட அந்த ஓட்டை வழியாக வந்ததில்லை. மெதுவாகப் பேசுகிறான் என்று நினைத்தாளே, அவன் அங்கே இல்லவே இல்லை. விளக்கு வைத்த வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு ஒருத்தி, "எல்லாத்தையும் எனக்கே ஊட்டிவுட்டா நீங்க என்ன திம்பீங்க" என்று வெறும் காற்றிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அடுத்து லீலாவதி செய்தது என்ன யோசனையில் செய்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க கொழுந்தன் பொய் சொல்றாரும்மா," என்றாள் மேகலாவிடம். "பொண்டாட்டியக் கொஞ்சுனத எந்த ஆம்பள நாலு பேரு முன்னாடி ஒத்துக்குவான்? பேசுனாங்க. தினம் பேசுனாங்க. பூ வாங்கியாந்து தருவாரு. அல்வா ஊட்டிவுடுவாரு. காலுகூட அமுக்கிவுட்டிருக்காரு."

"அண்ணி!" என்று அலறினான் இளையபெருமாள்.

"என்ன அண்ணி? பதினோரு வருஷம் நான் என் காதால கேட்டேன். நீங்க இல்லன்னா இல்லாமப் போயிருமா? ஜெயா, அந்தத் துணி என்னுது. தீபாவளிக்கு நீ தச்சுக் குடுத்த ரவிக்கைதான். செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது நாந்தான். தினம் அந்த ஓட்டையில காத வச்சு ஒட்டுக் கேட்டதும் நாந்தான். போதுமா?"

முதலில் முத்தாயி சிரிக்க ஆரம்பித்து, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு அம்சவள்ளிமேல் விழவில்லை. பாதி லீலாவதிமேல் விழுந்தது, பாதி இளையபெருமாள்மேல். "காலு அமுக்குவியாமே பெருமாளு!" என்று ஒருவர் அவன் தோளைத் தட்டினார். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டான். குருநாதன் மட்டும், "ஒட்டுக் கேட்டியா? வெக்கமா இல்ல?" என்று ஹால் அதிரக் கத்தினார்.

மேகலா நோட்டைத் திறந்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது. "அப்போ நீங்கதான் அந்தப் பக்கம்! வினோதினி ரொம்ப நாளா உங்களத்தான் தேடுறாங்க. பலகையில சேத்துருவோம். பேரு சொல்லுங்கம்மா."

"லீலாவதி," என்றாள் அவள். கேட்டது கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் அது வேறு யாருடைய பேரோ மாதிரி இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்சவள்ளி கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். லீலாவதி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினாலு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"அந்த அல்வா?" என்றாள் லீலாவதி, பஸ் டவுனைத் தாண்டியதும்.

அம்சவள்ளி இல்லை என்று தலையாட்டினாள்.

"பூவு?"

"நானே கட்டுனதுக்கா. கொல்லையில பூத்தது."

"காலு அமுக்கினது?"

அம்சவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதெல்லாம் எந்த ஊருல நடக்குது?"

"அடிப்பாவி! பதினோரு வருஷம் என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டியேடி. இதெல்லாம் ஏன் சொன்ன? யாருகிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

லீலாவதி அவளையே பார்த்தாள்.

"காலண்டர ஒதுக்குவீங்கல்ல, அந்த அட்ட ஆணியில உரசும். கீச்சுனு ஒரு சத்தம் வரும். அது கேட்டப்பறம்தான் ஆரம்பிப்பேன். நீங்க வராத அன்னிக்கு எதுவும் பேசமாட்டேன். பேசறதுக்கு யாரு இருக்கா?" அம்சவள்ளி மூக்கை உறிஞ்சினாள். "இந்தப் புது வூட்டுல செவுரெல்லாம் கெட்டியா இருக்குக்கா. ஒரு ஓட்டை இல்ல."

"என்னைய எரிய வக்கறதுல உனக்கு அவ்வளவு ஆசையா?" என்றாள் லீலாவதி. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் ஒத்துழைக்கவில்லை.

"மொதல்ல எரிஞ்சது நான்தான்."

"எதுக்கு? என்கிட்ட என்னடி இருந்துச்சு?"

"அந்த ஓட்டையில உங்க பக்கத்து சத்தமும் எனக்குக் கேக்கும்ல. பெரிய மாமா கொழம்பு சரியில்லன்னு கத்துவாரு. துண்டக் காணும்னு கத்துவாரு. தெனம் ஒரு கத்து." அம்சவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுல கொழம்புல உப்பே போடாம ஒரு வாரம் வச்சுப் பாத்தேன்க்கா. தின்னுட்டு எழுந்து போயிட்டாரு. ஒரு வார்த்த திட்டல."

முன்சீட்டுப் பக்கமிருந்து குருநாதனின் குரல் பஸ்ஸின் சத்தத்தை மிஞ்சிக்கொண்டு வந்தது. "லீலா! ஏ லீலா! தண்ணி பாட்டில எங்கடி வச்ச? ஒரு சாமானத்த ஒழுங்கா வக்கத் தெரியுதா உனக்கு?"

லீலாவதி பதில் சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அம்சவள்ளி அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு வார்த்தை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை லீலாவதிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. காலண்டரை ஒதுக்கிவிட்டு நிற்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பாட்டில் அவள் மடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்காமல், அவர் இன்னொரு தடவை கத்தட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.